பதினொரு வெள்ளிப் பென்னி

க்ளைவ் மண்டியிட்டு அவசர அவசரமாக மண்ணை வாரிக்கொண்டிருந்தபோது நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். சர்க்கரை எடுத்துவர மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அறுபத்தெட்டு வயதில் இப்படித்தான் ஆகிறது, இன்ஸ்பெக்டர் மேடம்.

நான் உட்கார்ந்திருந்தது சர்க்கரை ஆலைக்குப் போகவேண்டிய பீட்கிழங்குக் குவியலுக்குப் பின்னால். ஆள் உயரக் குவியல். அதனால்தான் இன்று உங்கள் எதிரில் உயிரோடு இருக்கிறேன். முதலில் வந்த கான்ஸ்டபிள் என்னைப் பற்றி, 'டெனிஸ் தூரத்தில் இருந்தார், அவருக்கு எதுவும் கேட்கவில்லை' என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. இப்போது திருத்திவிடலாம். மறைத்து வைப்பதும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

எங்கள் சஃபோக்கில் ஞாயிற்றுக்கிழமை சிலர் சர்ச்சுக்குப் போவார்கள். நானும் க்ளைவும் திருமதி ரிக்ஸின் வயலுக்குப் போவோம். பதினேழு வருஷமாக, ஆளுக்கொரு மெட்டல் டிடெக்டரோடு. மோதிரம், ரோமானியக் காசு, பித்தளைக் கொக்கி, எல்லாம் அவனுக்குத்தான் அகப்படும். எனக்கு அகப்பட்டவை மொத்தம் பதினொரு வெள்ளிப் பென்னிகள். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய எட்வர்ட் மன்னர் காலத்தவை, கட்டைவிரல் நகத்தளவு. அவற்றைத் தவிர என் வாழ்க்கையில் காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். மீட்டர் பார்க்க வந்தவருக்குக்கூடக் காட்டியிருக்கிறேன்.

"கிழவா, உன் மிஷினுக்குக் காது கேக்குமா, இல்ல அதுவும் உன்ன மாதிரிதானா?" என்பான் க்ளைவ்.

"வாய மூடிக்கிட்டு நட" என்பேன். எங்கள் சிநேகிதம் அவ்வளவுதான். அதற்கு மேல் பேசத் தெரியாது, இரண்டு பேருக்கும்.

அவனிடம் ஒரு பழக்கம். இரும்பின் சத்தம் வராதபடி மிஷினைத் திருப்பி வைத்துவிடுவான். "ஆணி, லாடம், கலப்பைத் துண்டு. இதையெல்லாம் கேட்டுட்டு எவன் சாவான்?" என்பான். வெள்ளியின் கீச்சுச் சத்தம் கேட்டால் மட்டும் போதும் அவனுக்கு. நீளக் காம்பு மண்வெட்டியைத் தரையில் குத்தி, அதன் விளிம்பில் ஏறி மிதித்து அழுத்துவான்.

நான் இரும்பையும் கேட்பேன். அப்படித்தான் அக்டோபரில் வேலியோர மூலையில், வெடிக்காமல் கிடந்த அந்தக் குண்டைப் பார்த்தேன். போர்க்காலத்தில் ராணுவம் பயிற்சி செய்த வயல் அது. உடனே போலீசுக்குச் சொல்லவேண்டும், தெரியும். சொன்னால் வயலை மூடிவிடுவார்கள், அந்த வருஷத்துக்கு நாங்கள் வீட்டில்தான். வசந்தத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று மண்ணைப் போட்டு மூடினேன். அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதைத் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம் தனியாகப் போனேன். என் காசுகளில் பத்தைக் குண்டுக்கு மேலே பரப்பினேன். பதினொன்றாவதை அதற்கும் மேலே, நாலு விரல் ஆழத்தில் வைத்தேன். புல்லை அப்படியே எடுத்து அப்படியே வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

நீங்கள் 'பொறாமை' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, மேடம். அவனுக்குக் கிடைத்தது அவனுக்கு, எனக்குக் கிடைத்தது எனக்கு என்றுதான் இருந்தேன். ஜனவரி வரையில்.

ஜனவரியில் அவனுக்குக் காய்ச்சல். பேட்டரி எடுக்க அவன் கொட்டகைக்குப் போனேன். மேஜை இழுப்பறையில் சின்னச் சின்னக் காகித உறைகள். பழைய காசு விற்கும் கடையின் முத்திரை போட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு காசின் படம், பக்கத்தில் க்ளைவின் கையெழுத்து. 'டெனிஸ். ஓக் மரத்தடி.' 'டெனிஸ். வாய்க்கால் ஓரம். முதுகு வலி என்றான், மேலாகவே வை.' எண்ணினேன். பதினொன்று. முதல் உறையின் தேதி, என் மனைவி ஜோனைப் புதைத்ததற்கு மறு ஞாயிறு.

எனக்கு முன்னால் வயலுக்கு வந்து காசைப் புதைத்திருக்கிறான். பிறகு தள்ளி நின்று, நான் தோண்டுவதைப் பார்த்திருக்கிறான். நான் துள்ளிக் குதித்தபோதெல்லாம் கைதட்டியிருக்கிறான்.

வேறொருவர் அழுதிருப்பார். அவனைக் கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அலுப்புதான் வந்தது. என்னிடம் இருந்த ஒன்றே ஒன்றும் என்னுடையதில்லை என்று தெரிந்த பிறகு ஷூவுக்குக் கயிறு கட்டக்கூடத் தெம்பில்லை.

இப்போது கான்ஸ்டபிள் விட்டுவிட்டதைச் சொல்கிறேன்.

க்ளைவ் முதல் காசை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துப் பார்த்தான். விளிம்பில் சில்லு போன காசு. கடையில் பார்த்து வாங்கியவனுக்கு அடையாளம் தெரியாதா? அந்தச் சில்லை விரலால் தடவினான். பிறகு சிரித்தான். பதினேழு வருஷத்தில் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"டேய் டெனிஸ்! கண்டுபிடிச்சிட்டியாடா, திருட்டுக் கிழவா! எப்படிச் சொல்றதுன்னே தெரியாமத் தவிச்சுக்கிட்டிருந்தேன்டா!"

நான் டீயை ஊதிக் குடித்தேன்.

"கோபமாடா? மீதி பத்தையும் இங்கேயேதான் வெச்சிருக்கியா? மிஷின் கத்துது பாரு!"

எழுந்து மண்வெட்டியை எடுத்தான். தடுக்க ஒரு வார்த்தை போதும். நேரமும் நிறையவே இருந்தது.

"ஆமா க்ளைவ்" என்றேன். "இன்னும் கொஞ்சம் ஆழத்துல. நல்லா ஏறி மிதி."