பொழுதடைஞ்சா சனிக்கிழமை

– எனக்குச் சரியா நெனப்பு இல்லலே ஜோயலு. நம்ம சண்டை மொதல்ல பன்னிக்கறில ஆரம்பிச்சுதா, சனிக்கிழமைல ஆரம்பிச்சுதா?

– கறிலதாண்ணே.

– அப்படியா? நான் சனிக்கிழமைன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருக்கேன். வயசாச்சு, எல்லாம் கலங்கிக் கெடக்கு. இந்த மூணு வருசமா உன் மதினி செண்பகம் ஒரு மாதிரி சொல்லுதா, நான் ஒரு மாதிரி சொல்லுதேன்.

– அன்னைக்குக் கிறிஸ்துமஸ். மதினி எலையில கறி வச்சாங்க. நான் எலையத் தள்ளிட்டேன். நீங்க, ‘உன் சட்டத்தையெல்லாம் செருப்போட வாசல்ல விட்டுட்டு வரணும்லே’ன்னு சொன்னிய. நான் செருப்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன்.

– அப்படியா சொன்னேன்? சவத்த விடு. ஆனாலும் நல்லாத்தான் சொல்லிருக்கேன்.

– அத்தான், மொதல்ல உள்ள வந்து உக்காருங்க. சாரல்ல நனைஞ்சுக்கிட்டே நிக்கிய. இந்தாங்க துண்டு. உங்க தம்பி இப்படித்தான், மூணு வருசம் கழிச்சு வந்த மனுசன நிக்க வச்சே கேசு நடத்துவாக.

– நீ நல்லா இருக்கியாம்மா கிறிஸ்டி? கடை பரவாயில்லையே. ஐந்தருவி ரோட்டுல இவ்வளவு பெரிய பழக்கடை வேற இல்ல போல. துரியன் நாத்தம் வளைவு திரும்பும்போதே வழி சொல்லிருச்சு.

– மங்குஸ்தான் தின்னுங்க அத்தான். இன்னைக்குப் பறிச்சது.

– தின்னுதேன், தின்னுதேன். ஏலே, சீசன்ல சனிக்கிழமை இன்னும் பூட்டுதான?

– பூட்டுதான்.

– ஊரே குளிக்க வர்ற நாள்ல கடையப் பூட்டிட்டு உள்ள உக்காந்திருக்கவன் குத்தாலத்துலயே நீ ஒருத்தந்தாம்லே. காலமெல்லாம் பஸ் ஓட்டுனவன் நான். ஆளு குமிஞ்சு நிக்கிற ஸ்டாப்புல நிக்காமப் போற டிரைவர உங்கிட்டதான் பாக்கேன். அப்படி உள்ள என்னதான் பண்ணுவிய?

– மொத நாள் ஆக்கி வச்சதத் தின்போம் அத்தான். வாசிப்போம், பாடுவோம். அப்புறம் சும்மா இருப்போம். மத்த நாள்ல கடைல நின்னா அருவிச் சத்தமே காதுல விழாது, கேட்டியளா? சனிக்கிழமை மட்டுந்தான் கேக்கும். மொத வருசம் எனக்கே பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துது. இப்ப வெள்ளிக்கிழமை மத்தியானமே மனசு அதத் தேட ஆரம்பிச்சிருது.

– ம்.

– அண்ணே, இதக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்திய?

– இல்லலே. இரு, நனைஞ்சிரும்னு சட்டைக்குள்ள வச்சேன். இந்தா கார்டு. நம்ம ரெபேக்காவுக்கு நிச்சயம். பையன் சுரண்டைல விதைக்கடை வச்சிருக்கான். நல்ல பய. நாளன்னைக்கு.

– நாளன்னைக்கா! இன்னைக்குப் புதன்கிழமைல்லா அத்தான்? ஊருக்கெல்லாம் சொல்லிட்டுச் சித்தப்பாவுக்குக் கடைசிலயா?

– ஊருக்குச் சொல்ல ஒரு நாள்தாம்மா ஆச்சு. இங்கன வந்து சேரத்தான் ஒரு மாசம் ஆச்சு. மேலகரம் வரைக்கும் வருவேன், ஒரு டீயக் குடிப்பேன், திரும்பிப் போயிருவேன். ஏலே, என்ன பேச்சையே காணோம்? வாயில கொழுக்கட்டையா?

– யோசிக்கேண்ணே.

– இதுல யோசிக்க என்ன இருக்கு? நிச்சயத்துல மாப்பிள்ள கைல பொண்ணு வீட்டு வேதப்புத்தகத்தக் குடுக்கணும்லா? அத அப்பன்தான் குடுக்கணும். இவ கேக்க மாட்டேங்கா. ‘சின்னதுல மடில வச்சு வேதம் வாசிக்கச் சொல்லிக்குடுத்தது சித்தப்பா, சித்தப்பா கையாலதான் குடுக்கணும், இல்லன்னா எனக்கு நிச்சயமே வேண்டாம்’ங்கா. பாசத்துல சொல்லுதாளா, என்னையப் பழிவாங்குதாளான்னு தெரியல.

– அங்கன சபையே இருக்கும். கமிட்டிக்காரங்க எனக்கு யூதன்னுல்லா பேரு வச்சிருக்காங்க.

– வச்சதுல நானும் ஒருத்தந்தான். இப்ப மொகத்தப் பாத்துக் கேக்கேன், மொகத்தப் பாத்துச் சொல்லு. நீ இயேசுவ விட்டுட்டியாலே?

– விடலண்ணே. அவரு எந்த நாள்ல ஓய்ஞ்சிருந்தாரோ அந்த நாள்ல ஓய்ஞ்சிருக்கேன். அவரு எதத் தின்னலயோ அதத் தின்னல. வேதத்த அழிக்க வரலன்னு அவரே சொல்லிருக்கும்போது, அது அழிஞ்சு போச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? அவரு மேசியாங்கறதாலதான் இதெல்லாம். இல்லன்னா எனக்கு எதுக்கு?

– ம். சரி. இத அன்னைக்கே இவ்வளவு சின்னதாச் சொல்லிருக்கலாம்.

– அன்னைக்கு நீங்க சொல்ல விடல.

– சவத்த விடுலேங்கேன். இங்க பாரு, நான் எல்லாத்தையும் உனக்காகப் பாத்துப் பாத்துப் பண்ணிருக்கேன். சமையலுக்கு நம்ம பலவேசம். பன்னி கெடையாது, எறா கெடையாது, நண்டு கெடையாது, கெடாக்கறி மட்டுந்தான், அதுலயும் ரத்தம் ஒரு பொட்டு இருக்கப்படாதுன்னுட்டேன். ‘ரத்தப் பொரியல் கூடக் கெடையாதா அண்ணாச்சி’ன்னு கேட்டு அவன் அழாத கொறை.

– அத்தான்! நீங்களா சொன்னிய?

– நானேதான். இன்னும் கேளு. மாப்பிள்ள வீட்டுல சனிக்கிழமைதான்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. முடியவே முடியாதுன்னுட்டேன். எந்தம்பியோட சனிக்கிழமைல ஒரு கீறல் விழக்கூடாது. அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி, நம்ம தெரு முக்கு மண்டபத்துல. நான் காலைல வைப்போம்னுதான் சொன்னேன், ரெபேக்கா ஏழு மணிதான்னு பிடிச்ச பிடில நின்னுட்டா. சரி, வேலைக்குப் போறவங்களுக்கும் வசதின்னு விட்டுட்டேன். நீ வாற, புத்தகத்தக் குடுக்க, சாப்பிடுத, பைக்குல ஏறுத. சனிக்கிழமை பொறக்கதுக்கு முன்னாலயே இங்கன வந்து படுத்திரலாம். எப்படி? என்னலே? ஏம்மா கிறிஸ்டி, நீ எதுக்கு மங்குஸ்தான எண்ணிக்கிட்டு இருக்க?

– எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல அத்தான்.

– யாராவது ஒருத்தர் வாயத் தொறங்க.

– எங்களுக்கு ஓய்வுநாள் நடுராத்திரில தொடங்காது அத்தான். வெள்ளிக்கிழமை பொழுதடைஞ்சதுமே தொடங்கிரும்.

– வெள்ளிக்கிழமைக்குள்ள சனிக்கிழமை எப்படிம்மா வரும்?

– உலகத்தப் படைச்சப்ப மொதல்ல சாயங்காலம், அப்புறந்தான் விடியலுண்ணே. வேதம் அப்படித்தான் நாள எண்ணுது.

– இந்த டைமுக்கு வண்டி ஓட்டுனா ஒரு பயலும் ஊரு போய்ச் சேர மாட்டான்! நான் மாப்பிள்ள வீட்டோட சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்கேம்லே இந்த வெள்ளிக்கிழமைய.

– தெரியுதுண்ணே. ஆனா பொழுதடைஞ்சா நாங்க விக்க மாட்டோம், வாங்க மாட்டோம், அடுப்புப் பத்த வைக்க மாட்டோம். வண்டி எடுக்க மாட்டோம். எஞ்சின்லயும் தீதான எரியுது.

– ஒரு நாள். ஒரே ஒரு நாள். உன் கையால வளத்த புள்ளைக்காக.

– ஒரு தடவ வளைஞ்சா, மறுதடவ வளையச் சொல்ல நூறு பேரு வருவாங்கண்ணே. மொத வருச சீசன்ல ஒரு சனிக்கிழமை ஷட்டரப் பாதி தூக்குனேன். யாரோ கேரளாவுல இருந்து வந்தவங்க, புள்ளைக்குப் பழம் வேணும்னு நின்னாங்க. சும்மாத்தான் குடுத்தேன். ஆனா அதுக்கப்புறம் வந்து நிக்கிற கூட்டத்தப் பாத்து, சாயங்காலம் வரைக்கும் அந்த ஷட்டர எறக்க எனக்கு மனசு வரல. அன்னைக்குத்தான் என்னைய நானே பாத்தேன்.

– அப்ப வரமாட்ட.

– வரமாட்டேன்னு சொல்லல.

– வாறேன்னும் சொல்லல. இதுக்கு அந்த எலையவே இன்னொரு தடவ தள்ளிருக்கலாம்லே. அத நானும் உன் மதினியும்தான் பாத்தோம். இத எம்புள்ள பாக்கணும். நான் கெளம்புதேன். கார்டு இருக்கட்டும், தராசு ஆடாம இருக்க அடில வச்சுக்கோ.

– அத்தான், நில்லுங்க. ஏங்க, நீங்களும் கேளுங்க. பன்னியத் தள்ளுனிய, நண்டத் தள்ளுனிய, சீசன் யாவாரத்தத் தள்ளுனிய. நானும் கூடவே நின்னேன். என்னைக்காவது மொகம் சுளிச்சிருக்கேனா?

– இல்ல.

– பன்னி ஆகாதுன்னு சொன்ன அதே ஆகமத்துலதான, கொஞ்சம் தள்ளி, உன் சகோதரன மனசுல பகைக்காதன்னும் எழுதியிருக்கு? அத மட்டும் இந்த மூணு வருசமா நாம வாசிச்சோம், கைக்கொள்ளல. அதுக்கு மட்டும் எந்தக் கெழமை லீவு விட்டோம்? பேசுங்க. அத்தான் மறுபடி சாரல்ல போயி நின்னுட்டாக.

– அண்ணே.

– என்னலே.

– பொழுதடையிறதுக்கு முன்னாலயே வந்துட்டா?

– மண்டபத்துக்கா? ஏழு மணி வரைக்கும் அங்கன நாற்காலியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா?

– மண்டபத்துக்கு இல்ல. வீட்டுக்கு. மண்டபம் தெரு முக்குலதான, நடந்தே போய்ட்டு நடந்தே வந்திரலாம். ஆனா ராத்திரி திரும்பி வர முடியாது. அங்கனயே தங்கணும். சனிக்கிழமை பொழுதடையிற வரைக்கும். முழு ஓய்வுநாளும் உங்க வீட்டுல.

– எங்க வீட்டுலயா?

– எடம் இல்லன்னா...

– எடம் இல்லாம என்னலே? நீ பொறந்த வீடு அது. மாடி ரூம்பு சும்மாத்தான் கெடக்கு.

– நான் வெளக்கு ஏத்தணும் அத்தான். பொழுதடையப் போற நேரத்துல ஏத்திச் செபம் பண்ணுவேன்.

– ஏத்தும்மா. நாங்க கரண்ட் போனா ஏத்துவோம், நீ கரண்ட் இருக்கும்போதே ஏத்துத. பலவேசத்துக்கிட்டயும் சொல்லிருதேன், பொழுதடையிறதுக்குள்ள அடுப்ப அணைச்சிரணும்னு. ரத்தப் பொரியல் போன துக்கத்தோட துக்கமா இதையும் தாங்கிக்கிடட்டும். ஏலே, சிரிக்கியா? மூணு வருசம் கழிச்சு இப்பத்தான் பல்லக் காட்டுத.

– அண்ணே, மதினி என்ன சொல்லுவாங்க?

– அதாம்லே. அதத்தான் நானும் யோசிக்கேன். கோவம்னா கத்தித் தீத்திருவா. இது வருத்தம். ‘என் கையால வச்சதத் தள்ளிட்டான்’ங்கா. உன் பேர எடுத்தாலே அடுக்களைக்குள்ள போயிருவா. நிச்சயத்துக்கு வந்துட்டுப் போறவன் வேற. வீட்டுக்குள்ள வந்து ராத்தங்குறவன் வேற.

– அன்னைக்கு நான் தின்னாம இருந்தது சரிதாண்ணே. எலையத் தள்ளுன விதந்தான் தப்பு. நான் அவங்ககிட்ட பேசணும்.

– நீ போட்டா எடுக்க மாட்டா. இரு, ரெபேக்காவுக்கு அடிக்கேன். அவதான் அம்மாவ வழிக்குக் கொண்டு வருவா. ஸ்பீக்கர்ல போடுதேன், இந்த வேன் சத்தத்துல ஒரு எழவும் கேக்காது... ஏட்டி ரெபேக்கா, அப்பாதான். சித்தப்பா கடைல நிக்கேன்.

– வாராகளாப்பா?

– வாரான். புத்தகமும் அவந்தான் குடுப்பான். ஆனா ஒரு சிக்கல் இருக்கும்மா. இவங்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுதடைஞ்சதுமே சனிக்கிழமையாம். அதுக்கப்புறம் வண்டி எடுக்க மாட்டாங்களாம். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நம்ம வீட்டுலதான் தங்கணுமாம். உங்க அம்மாகிட்ட நீதான் கொஞ்சம் பக்குவமா...

– தெரியும்ப்பா. இங்கன நல்ல வெயிலு, மாடி ரூம்பு மெத்தைய அம்மா காலைலேயே தூக்கிக் காயப் போட்டுட்டா. ஏழு மணிதான்னு என்னையப் பிடிவாதம் பிடிக்கச் சொன்னதே அம்மாதான்.