காத்துத் திருகு

ஞானவேல்: தொப்பியக் கழட்டாதீங்கண்ணே. மொட்டத் தலையில பனி எறங்குனா, எஞ்சினோட சேத்து ஒங்களையும் நான் பிரிச்சு மாட்டணும்.

மூக்கையா: எகத்தாளமா? நாலு நாள் மொட்ட, அரிக்குது. நீ மெக்கானிக்கு சோலிய மட்டும் பாருலே.

ஞானவேல்: பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். எங்க, கயிற இழுங்க.

மூக்கையா: இந்தா... பாத்தியா? ஒரே இழுப்புல புடிச்சிருச்சு.

ஞானவேல்: புடிக்கும். சனிக்கெழமையும் கரையில புடிச்சிச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. மணியப் பாத்துக்கிடுங்க.

மூக்கையா: ரெண்டு நிமிசம்... மூணு... சத்தம் எறங்குதுலே.

ஞானவேல்: நாலு.

மூக்கையா: நின்னுருச்சு.

ஞானவேல்: ம்.

மூக்கையா: பழனிமுத்துக்கும் இப்பிடித்தான...

ஞானவேல்: அத விடுங்கண்ணே.

மூக்கையா: எப்பிடி விட? ரெண்டு பிள்ளைக படகு கவுந்து தண்ணியில கெடக்கு. காப்பாத்தப் போன இந்தப் படகு நடு ஏரியில நின்னுருச்சு. கயிற இழுத்து இழுத்துப் பாத்திருக்கான். அப்புறம் குதிச்சிட்டான். தன்னோட லைஃப் ஜாக்கெட்டக் கழட்டி சின்னதுக்கு மாட்டிவிட்டு, ரெண்டையும் கவுந்த படகு மேல ஏத்திட்டான்... மூணு பேரத் தாங்காதுன்னு அவன் ஏறல. அந்தக் குளுரு தண்ணியில எவ்வளவு நேரந்தான்...

ஞானவேல்: பிளக்கக் கழட்டிட்டேன். காஞ்சு கெடக்கு. இப்ப இழுங்க... பாருங்க, பொறி நீலமா அடிக்குது. கரண்டுல கொறை இல்ல.

மூக்கையா: பொறி குடுக்குற காயிலு சூடாச்சுன்னா செத்துப்போகும்ல? ரிப்போர்ட்டுல அப்பிடியே எழுதிருலே. பதினெட்டு வருசத்துப் பழைய எஞ்சின். யாரு கேக்கப் போறா?

ஞானவேல்: காயில் புதுசுண்ணே. நீங்க பழனிக்குப் போயிருந்தப்ப, வெள்ளிக்கெழமை நாந்தான் வந்து மாட்டுனேன். மதுரையில இருந்து இன்னொருத்தர் வந்து பாப்பாராம். பொய்யா எழுதுனா பத்தே நிமிசத்துல கண்டுபிடிச்சிருவாரு.

மூக்கையா: சரி, கார்ப்ரேட்டரப் பாரு.

ஞானவேல்: பிரிக்கிறேன்... ஒரு தூசி தும்பு இல்ல.

மூக்கையா: பெட்ரோல்ல தண்ணி இருக்கும். பனிமஞ்சு எறங்குற ஊருல...

ஞானவேல்: பாட்டில்ல புடிச்சுப் பாத்துட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

மூக்கையா: அப்ப என்னதாம்லே எழுதப் போற? பழனிமுத்து பொண்டாட்டி காலையிலயிருந்து ஆபீசு வாசல்ல உக்காந்துருக்கா, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு. மேனேஜரம்மா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டாச் சொல்லிருச்சு. அவன் மேல தப்பு இல்லேன்னா இவளுக்கு ரிசார்ட்டு சமையக்கட்டுல வேலை. அவன் கவனக்கொறவுன்னு எழுதியிருந்தா, இருக்குற வீட்டையும் காலி பண்ணணும்.

ஞானவேல்: தெரியும்ண்ணே... கார்ப்ரேட்டர மாட்டிட்டேன். அந்தச் சாக்க எடுங்க.

மூக்கையா: எந்தச் சாக்கு?

ஞானவேல்: பெட்ரோல் டேங்கு மேல போட்டிருக்கீங்கள்ல.

மூக்கையா: அது வெயிலுக்குப் போட்டது.

ஞானவேல்: எங்கண்ணே வெயிலு? எதுத்த கரை மரமே தெரியல.

மூக்கையா: கெடந்துட்டுப் போகட்டும்லே...

ஞானவேல்: எடுங்கண்ணே.

மூக்கையா: ...இந்தா.

ஞானவேல்: டேங்கு மூடி மேல இந்தச் சின்னத் திருகு இருக்குல்ல? காத்துத் திருகு. இறுக்கி மூடிக் கெடக்கு. டேங்குக்குள்ள காத்துப் போனாத்தான் பெட்ரோலு வெளிய வரும். காத்து இல்லேன்னா நாலு நிமிசம் ஓடும், அப்புறம் எஞ்சினு பட்டினி. தொறக்குறேன், கேளுங்க.

மூக்கையா: உஸ்ஸுன்னு இழுக்குது.

ஞானவேல்: இப்ப கயிற இழுங்க... ஓடட்டும். பேசாம நில்லுங்க.

மூக்கையா: ...அஞ்சு நிமிசம்.

ஞானவேல்: ம்.

மூக்கையா: பத்தாச்சு. ஓடிக்கிட்டே இருக்கு.

ஞானவேல்: அமத்திருங்க.

மூக்கையா: ...நாந்தாம்லே மூடுனேன்.

ஞானவேல்: என்னது?

மூக்கையா: அந்தத் திருக. மஞ்சுத் தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு மூடுனேன். தொறக்க மறந்துட்டேன். மூக்கையா மூடுனான்னு எழுது. பழனிமுத்துக்கு ஒண்ணும் தெரியாது.

ஞானவேல்: வேலை போயிரும்ண்ணே. போலீசு, கேஸுன்னு அலையணும்.

மூக்கையா: அலையிறேன். எனக்கென்ன பிள்ளையா குட்டியா? வெரசா எழுதுலே.

ஞானவேல்: மூடுனது வெள்ளிக்கெழமை சாயங்காலம். நீங்க அப்ப பழனியில முடி எறக்கிக்கிட்டு இருந்தீங்க.

மூக்கையா: மத்தியானமே வந்துட்டேன்.

ஞானவேல்: மொட்டத் தலைய வச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதீங்கண்ணே. சனிக்கெழமை பதினோரு மணி பஸ்ஸுலதான் வந்து எறங்குனீங்க. பஞ்சாமிர்தப் பைய ரோட்டுலயே போட்டுட்டு ஏரிக்கு ஓடுனீங்க. பின்னாடி ஓடி வந்தவன் நான்.

மூக்கையா: இருக்கட்டும். படகக் கரைக்கு இழுத்தப்பவே அந்தத் திருகப் பாத்துட்டேன், அதான் சாக்கப் போட்டேன். அந்தப் பிள்ளைகளக் காப்பாத்துனவன் கவனக்கொறவானவனா, சொல்லுலே? செத்தவன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவானா? அவன் பேரு அந்தப் பேப்பர்ல வரக் கூடாது. நான் விட மாட்டேன்.

ஞானவேல்: தப்புன்னு அவன் பேரு வராது. ஒங்க பேரும் வராது.

மூக்கையா: பின்ன யாரு பேரு?

ஞானவேல்: எழுதி சட்டைப் பையில வச்சுருக்கேன். படிக்கிறேன், கேளுங்க. “டேங்கில் பனித் தண்ணீர் இறங்குவதால், வேலை முடிந்ததும் காற்றுத் திருகை மூடிவைக்கும்படி பழனிமுத்துவிடம் சொன்னது நான். எஞ்சினை இயக்கும் முன் அதைத் திறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தவறு என்னுடையது. இப்படிக்கு, மெக்கானிக் ஞானவேல்.”

மூக்கையா: ஏலே...

ஞானவேல்: பதினெட்டு வருசமா அது தொறந்தே கெடந்துச்சுண்ணே. நீங்களும் தொட்டதில்ல, அவனும் தொட்டதில்ல. நாந்தான் மூடச் சொன்னேன். அடுக்கம் கிராமத்துல ஒரு பம்புசெட்டு வேலை காத்துக் கெடந்துச்சு... பாதி சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். “சரிண்ணே”ன்னான். சொன்னதச் செஞ்சிருக்கான்.

மூக்கையா: அப்ப, மொதல்லயிருந்தே ஒனக்குத் தெரியும்.

ஞானவேல்: சனிக்கெழமை, எஞ்சின் நாலு நிமிசத்துல நின்னுச்சுன்னு கேட்டப்பவே தெரியும்.

மூக்கையா: பின்ன எதுக்குலே வெள்ளனே வந்து, பிளக்கு, கார்ப்ரேட்டருன்னு ஒண்ணு விடாமப் பிரிச்சுப் போட்ட?

ஞானவேல்: வேற எதாச்சும் பழுது கெடைச்சிறாதான்னுதாண்ணே.