கூடைக்காரியின் காப்புரிமை

ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் வாரத்தில் வெள்ளைத் துணி துவைக்கக் கூடாது, கலங்கல் ஏறிவிடும். அன்று காலை நாங்கள் துவைக்கத் துணி எடுத்துப் போகாததற்கு அதுதான் காரணம். நீங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் சொல்கிறேன்.

என் கணவர் காயாரோகணம் நாகப்பட்டினத்துக்காரர். கடலுக்குப் போகும் குடும்பம். வலிப்பு வர ஆரம்பித்தபின் அவரைப் படகில் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். கும்பகோணத்தில் என்னோடு குடியேறி, டேப்லெட்டில் படம் வரையத் தொடங்கினார். நான் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவள். எனக்குப் படம் தெரியாது, விற்கத் தெரியும். அவற்றைப் பிளாக்செயின் என்ற இணையப் பதிவேட்டில் டோக்கன்களாகப் பதிந்து விற்றவள் நான்தான். யார் வாங்கினார், யாருக்கு விற்றார் என்பது அதில் எல்லோரும் பார்க்கும்படி பதிவாகிவிடும். ஒவ்வொரு மறுவிற்பனையிலும் வரைந்தவருக்கு ஒரு பங்கு வரும். வந்ததும் அவருடைய போனில் துடுப்பு தண்ணீரில் இறங்கும் ஓசை கேட்கும். கடலுக்குப் போன காலத்தில் அவரே பதிவுசெய்து வைத்திருந்த ஓசை.

‘கூடைக்காரி’ என்ற படம்தான் அதிகம் கைமாறியது. தலையில் மீன் கூடையோடு அவருடைய அம்மா சௌந்தரநாயகி. அதைக் கடைசியாக வாங்கிய சிங்கப்பூர்க்காரர் மது பாட்டிலில் அச்சிட விரும்பினார். வாங்கியவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்று நினைத்து நானும் சம்மதம் சொல்லிவிட்டேன். வக்கீல் தஹ்மீனாதான் திருத்தினார்.

“டோக்கன்தாங்க கைமாறுது. காப்புரிமை வரைஞ்சவர்கிட்டயேதான் இருக்கு. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாதான் பாட்டில்ல போட முடியும்.”

என் கணவர் மாட்டேன் என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“எங்கப்பா குடிச்சே செத்தாரு, அனு. அம்மா கூடை சுமந்ததே அதனாலதான். அந்த முகத்த பாட்டில்ல ஒட்டச் சொல்றியா?”

அவர் சொன்னது நியாயம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கை மீறி எனக்குப் பழக்கமில்லை. வரைந்தவருக்குப் பிறகு உரிமை யாருக்குப் போகும் என்று தஹ்மீனாவிடம் பொதுவாகக் கேட்டுவைத்தேன். வாரிசுக்குப் போகும், இறந்தபின் அறுபது ஆண்டு இருக்கும் என்றார். வாரிசு என்றால் மனைவி என்று எடுத்துக்கொண்டேன்.

ஆற்றில் அவருக்கு வலிப்பு வந்தது. மார்பளவுத் தண்ணீர்தான். கடலில் வளர்ந்தவரைக் காவிரி கொண்டுபோய்விட்டதே என்று தெருவே வருத்தப்பட்டது.

கருமாதிக்கு வந்த அத்தை சௌந்தரநாயகி திரும்பிப் போகவில்லை. போகச் சொல்லவும் முடியாது. மகனுடைய சொத்தில் தாய்க்கும் மனைவிக்கும் சம பங்கு என்று தஹ்மீனா அப்போதுதான் சொன்னார். பாட்டிலுக்கு அத்தையின் கையெழுத்தும் வேண்டியிருந்தது.

அவருடைய போனைத் திறக்க எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆனால் அத்தை அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைப்பார். வரைந்தவர் இறந்துவிட்டார் என்றதும் அவருடைய மற்ற படங்கள் முன்னைவிட வேகமாகக் கைமாறின. நான் அரிசி களையும்போது துடுப்பு இறங்கும். தலை வாரும்போது இறங்கும். ஒவ்வொரு முறையும் அத்தை முதலில் வாசலைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். போகப் போக, அந்த ஓசைக்குப் பின்னால் ஈரக் கால் தரையில் பதியும் சத்தமும் எனக்குக் கேட்டது. துணியை எடுத்துத் துடைப்பேன். தரை காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் துடைப்பேன்.

ஒரு நாள் பாட்டிலுக்கான சம்மதத் தாளை அத்தையிடம் நீட்டினேன்.

“போடுறேம்மா. அன்னிக்கு நீ எங்க நின்னேன்னு மட்டும் உண்மைய சொல்லிடு.”

அதிலும் தவறில்லை என்று எனக்குப் பட்டது. சொன்னேன். படித்துறையில் நின்றேன். எனக்கு நீச்சல் தெரியும். அவர் கை என் பக்கம் நீண்டது. நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் சில வாரங்களாகவே வலிப்பு மாத்திரைக்குப் பதில் அதே நிறத்தில் சத்து மாத்திரை கொடுத்துவந்ததையும், குளிக்கப் போகலாம் என்று அழைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அத்தை அதையெல்லாம் என்னிடம் கேட்டிருக்கவில்லை. உண்மை என்றால் முழுதாகச் சொல்ல வேண்டும் அல்லவா.

அத்தை அழவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். “என் புள்ள உன்னத்தானம்மா கூப்பிட்டிருக்கான்,” என்றார். போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

நேற்று தஹ்மீனா இங்கே வந்து என்னைப் பார்த்தார். கொன்றவளுக்குச் செத்தவர் சொத்தில் பங்கு கிடையாதாம். இருக்கட்டும். உரிமை முழுவதும் அத்தைக்கே போகட்டும். அப்படியென்றால் அத்தை போட்ட கையெழுத்து ஒன்றே போதும் என்று ஆகிறது. சிங்கப்பூர்க்காரருக்கு யாராவது தகவல் சொல்லிவிடுங்கள். பாவம், என் வார்த்தையை நம்பிக் காத்திருப்பார்.