ஒன்பது டிகிரி

மட்டையை அளப்பது பெரிய வித்தையொன்றும் இல்லை. மேசை மட்டமாக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக நம் கோல்ஃப் கிளப்பின் பட்டறையில் மட்டைகளைப் பழுதுபார்க்கிறேன். போட்டி நாட்களில் அவை விதிக்கு உட்பட்டவையா என்று அளந்து சொல்வதும் நான்தான். இத்தனை வருடத்தில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

என் மனைவியின் அண்ணன் உங்கள் கமிட்டிக்கு அனுப்பிய மனுவின் நகலை வாசித்தேன். தான் பன்னிரண்டு டிகிரி சாய்வு வைத்துச் செய்த மட்டை தானாக ஒன்பதுக்கு வளைந்திருக்க முடியாது, அதை மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மூன்று வருடம் கழித்து இதென்ன புதுத் தலைவலி என்று உங்களில் சிலர் சலித்துக்கொண்டதாகக் கேள்வி. அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். தன் வேலையைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன.

நடந்தது உங்களில் புதியவர்களுக்குத் தெரியாது. என் மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆன பிறகு குனிய முடியாமல் போயிற்று. தூர அடிகளை எப்படியோ சமாளித்தாள். பந்தை உருட்டிக் குழியில் விழவைக்கும் கடைசி மட்டைக்குத்தான் குனிந்தாக வேண்டும், அங்கேதான் அவள் ஆட்டம் நின்றது. இரண்டு வருடம் மைதானத்தின் பக்கமே வரவில்லை. அப்புறம் ஒருநாள் அண்ணனின் பட்டறையிலிருந்து நெஞ்சளவு உயரமுள்ள ஒரு மட்டையோடு வந்தாள். அடியில் பித்தளைக் கட்டி, அதற்கு ஒரு குட்டைக் கழுத்து, மேலே இரண்டு கைப்பிடி. குழியைப் பார்த்து நேராக நின்றபடியே பந்தைத் தள்ளலாம்.

கிளப் முழுக்கச் சிரித்தது. ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தார்கள். "ஆட முடிஞ்சா ஆடுறேன், இல்லேன்னா வீட்டுல ஒட்டடை அடிக்கிறேன், நஷ்டம் உங்களுக்கா?" என்று அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. மட்டை வேலை செய்கிறவன் நான், அதே வீட்டில் படுத்து எழுந்திருக்கிறவன். அவள் என்னிடம் கேட்கவில்லை, அண்ணனிடம் போயிருக்கிறாள். இரண்டு வருடத்தில் எனக்கும் அந்த யோசனை தோன்றவில்லை என்பது வேறு விஷயம்.

போட்டிக்கு இது செல்லுமா என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. விதி எளிது. மட்டையைத் தரையில் படிய வைத்தால் அதன் தண்டு நெட்டுக்குத்தாக நிற்கக் கூடாது. குறைந்தது பத்து டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அண்ணனும் தங்கையும் என் மேசைக்கு எதிரே நின்றார்கள். "மாப்ள, சொந்தம்னு பாக்காதீங்க. சரியா அளந்து சொல்லுங்க" என்றார் மைத்துனர். அளந்தேன். பன்னிரண்டு. மற்ற அளவுகளும் சரியாக இருந்தன. செல்லும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அந்தச் சீட்டை இரண்டு முறை வாசித்துவிட்டு அண்ணனின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

போட்டி இரண்டு நாள். வெல்பவருக்கு வெளியூரில் ஒரு வருடப் பயிற்சி, தங்குமிடத்தோடு. நாற்பத்தொரு வயதில் அவளுக்கு அது மறுபடி வராது. முதல் நாள் முடிவில் அவள்தான் முன்னணியில் இருந்தாள். சாயங்காலம் எல்லா மட்டைகளும் வழக்கம்போல என் பட்டறையில் வந்து சேர்ந்தன. வெளியே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனர் அவள் ஆடிய விதத்தை நடித்துக்காட்ட, அவள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. ஒரு வருடம் போய்விட்டு வருகிறவளுக்கு இந்த வீடு எதற்கு வேண்டியிருக்கும்?

மட்டையின் கழுத்தை மேசையில் பூட்டிய வைஸில் வைத்து இறுக்கினேன். தடம் விழாமலிருக்க இரண்டு பக்கமும் தோல் துண்டு வைத்துக்கொண்டேன். வளைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்த் தேநீர் குடித்தேன்.

அவள் கை தடுமாற வேண்டும், இரண்டு மூன்று பந்து தவற வேண்டும், அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தடுமாறவில்லை. மறுநாள் அவள் முன்னைவிட நன்றாக ஆடினாள். தண்டு நிமிர்ந்ததால் நின்று ஆடுகிறவளுக்கு அது இன்னும் வசதியாகிவிட்டது. "இன்னைக்கு என்னமோ கைக்கு அப்படியே உக்காருதுங்க" என்று பாதி ஆட்டத்தில் என்னிடமே வந்து சொன்னாள். அடுத்தவரைவிட மூன்று அடி குறைவாக அடித்து ஜெயித்தாள்.

ஜெயித்தவரின் மட்டைகளை ஆட்டம் முடிந்ததும் அளக்க வேண்டும் என்பது நம் கிளப்பின் நடைமுறை. அறை நிறைய ஆட்கள். மட்டையை மேசையில் வைத்து, பார்த்து, ஒன்பது என்று சொன்னேன். ஆட்டத்தின் நடுவில் வளைந்திருந்தால் மன்னிப்பு உண்டு. அன்றைய முதல் அடிக்கு முன்பே வளைந்திருந்தால் ஆட்டக்காரர் நீக்கப்படுவார். காலையில் அவள் பந்தைத் தொடும் முன்பே தண்டு நிமிர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று கிளப்பிலேயே எடுத்தது இருந்தது. அதைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பொண்டாட்டின்னுகூடப் பாக்கலையேப்பா, மனுஷன்னா இவன் மனுஷன்" என்றார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்து அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, உள்ளதத்தானே சொன்னீங்க" என்றாள். பிறகு என் எதிரிலேயே அண்ணனுக்குப் போன் செய்தாள். "மட்டமான பித்தளையப் போட்டு என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே அண்ணா. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே." அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாள். அதன் பிறகு அவரோடு பேசவில்லை, எந்த மட்டையையும் தொடவில்லை. அவர் மகளின் கல்யாணத்துக்கும் போகவில்லை. போய்விட்டு வாயேன் என்று நான்தான் இரண்டு முறை சொன்னேன். கடைசியில் நான் மட்டும் போனேன். "நீங்களாவது வந்தீங்களே மாப்ள" என்று மைத்துனர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை விடுவித்துக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அன்றைக்கு வாங்கி வைத்த மட்டை இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் தடம் தெரியாது. அவரால் எதையும் நிரூபிக்க முடியாது, அதனால் நான் சொல்லியாக வேண்டும். பித்தளையில் குறை இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அவளைத் தடுமாற வைப்பது மட்டும் நோக்கம் என்றால் மறுபக்கம் சாய்த்திருப்பேன். எல்லை பத்து என்று எனக்குத் தெரியும். வளைத்த பிறகு கோணமானியை வைத்துப் பார்த்தேன், பத்தரை காட்டியது. மறுபடி வைஸில் வைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். அண்ணனின் மனுவுக்குப் பதில் என்றேன். "அவர் பாவம்னு எதையும் கொறைச்சு எழுதிடாதீங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றாள். படித்துப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டாள். அவளுக்காக வேறொரு பதிலை முன்பே எழுதி வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். பித்தளை தரமற்றது என்று அதில் இருக்கிறது. முழுவதும் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தாள். அவள் ஏற்கெனவே பட்டது போதும், இனியும் அவள் மனம் நோக என்னால் பார்க்க முடியாது. ஆகவே அவள் வந்து கேட்டால், கமிட்டிக்கு வந்தது அந்தப் பதில்தான் என்று சொல்லிவிடுங்கள்.