மேஸ்திரி நிரப்பின ஊர்

லாந்தரை இறக்கி வையுங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நம்ம ஓஸ்வால்டுடைய சிநேகிதனின் சித்தப்பாவுக்கு நடந்தது. சின்னப்பா என்று பேர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தெட்டில், ஐப்பசி மழை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடுராத்திரி... பெங்களூர் ஓசூர் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. அடுகோடி வீட்டுக்குச் சைக்கிள் மிதிக்கிறார். வீட்டில் மனைவி சரசுவும் பச்சைக் குழந்தையும் தனியாக இருக்கிறார்கள்.

புளியமரத்தடியில் ஒருத்தி நின்றாள். புடவை சொட்டச் சொட்ட... முழங்கால் வரை கறுப்புச் சேறு. வெல்லப்பாகு அடிப்பிடித்த வாசனை வேறு.

"மேஸ்திரி வீடு எதுங்க?"

சின்னப்பா சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். மேஸ்திரி அவருடைய தாத்தா. செத்து எத்தனையோ வருஷம். பக்கத்தில் வேலை என்று சொல்லி, தண்டு, அதாவது கண்டோன்மென்ட் பக்கத்து ஏழை ஜனங்களை மதராஸில் கப்பலேற்றி, தென் அமெரிக்காவின் கரும்புத் தோட்டத்துக்குத் தள்ளிவிட்ட பாவி. அடுகோடி வீடே அந்தத் தரகுக் காசில் எழுந்ததுதான்.

"நீ எந்த ஊரும்மா?"

"கயானா. கடல் மட்டத்துக்குக் கீழே பள்ளத்துல எங்க ஊரு. அவன் அனுப்பின ஜனந்தான் அங்க குடி. மண்சுவரு வச்சு சமுத்திரத்தைத் தடுத்திருந்தோம். ஒரு ராத்திரி ஒடைஞ்சுது... இப்ப ஊர்ல ஆளே இல்ல. அவன் வீட்டு ஆளுங்களை வச்சு நிரப்பணும்."

சின்னப்பாவுக்குக் குழந்தையின் நினைவு. வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில், பொம்மனஹள்ளிப் பக்கம் கை நீட்டினார்.

"அந்தப் பக்கம். கொஞ்ச தூரந்தான்."

"மேஸ்திரியும் இதையேதான் சொன்னான். சரி, நீயே கூட்டிட்டுப் போ."

கேரியர் கிறீச்சென்றது. கனமே இல்லை, முதுகு மட்டும் நனைந்தது. சைக்கிளைத் திருப்பினார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"கொஞ்ச தூரந்தான்."

அவள் கேட்கக் கேட்க, இவர் சொல்லிக்கொண்டே மிதித்தார். இரண்டு பக்கமும் அலை இரைந்தது. பெங்களூரில் ஏதய்யா அலை?

விடியற்காலை பொம்மனஹள்ளி ஏரிக்கரையில் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். சரசுவிடம் எல்லாம் சொன்னார். "குழந்தை தப்பிச்சிடுச்சு" என்றார். சாயங்காலம் வாயில் உப்புத் தண்ணீர் கொப்பளித்தது... அவ்வளவுதான், போய்விட்டார்.

சரசு அந்த வீட்டைப் பூட்டிவிட்டு இதே ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்துவிட்டாள். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, குழந்தை அவளைத் தட்டி எழுப்பியது. அப்போதுதான் பேசப் பழகுகிற வயசு.

"அப்பா கூப்பிடறாரும்மா. கொஞ்ச தூரந்தானாம்."

சரசு போர்வையை விலக்கினாள். குழந்தைக்கு முழங்கால் வரை கறுப்புச் சேறு... ஈரம் காயாமல்.