அழிக்கக் கோரினால் அழிக்கப்படும்

இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள் மேல் சத்தியம். வலது கண்ணில் புரை விழுந்திருப்பதால் அந்தப் பாதிக்கு மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுபத்தெட்டு வயதில் பொய் சொல்வது கடினம். சொன்ன பொய்யை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது?

நாற்பது வருடம் மனு எழுதிப் பிழைத்தவன் நான். தாலுகா அலுவலக வாசலில் ஒரு மடக்கு மேசை, ஒரு குடை, ஒரு தட்டச்சு எந்திரம். விரல்கள் ஓய்ந்த பிறகு மாப்பிள்ளை தன் பூட்டுக் கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். பெரியவர் உட்கார்ந்திருந்தால் கடைக்கு ஒரு களை என்றார். வேலை ஒன்றும் கிடையாது என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை அது. நானாகவே ஒரு நோட்டுப் போட்டு, வாங்குகிறவர்களின் பெயரையும் முகவரியையும் குறித்துவந்தேன்.

கடைக்கு இணையதளம் செய்ய ஒரு கணினிக்காரர் வந்தார். தலையில் எந்நேரமும் ஹெட்போன் மாட்டியிருப்பதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கொம்பன். எல்லாம் முடிந்த பிறகு, தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது என்றார். வாங்குகிறவரின் பெயர், முகவரி, போன் நம்பரை வைத்துக்கொண்டு கடை என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லும் பக்கமாம்.

"அது சும்மா தாத்தா. வேற ஏதாவது கடையோடத எடுத்து, பேரை மட்டும் மாத்திப் போட்டுடலாம். யாரும் படிக்க மாட்டாங்க."

யாரும் படிக்காததையே நாற்பது வருடம் எழுதியவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? பதினோரு நாள் உட்கார்ந்து ஒன்பது பக்கம் எழுதினேன்.

"ஏம்ப்பா, பூட்டு விக்கிற கடைக்கு ஒம்பது பக்கமா?" என்றாள் மகள்.

"பூட்டு விக்கிறவனே வாயத் தொறந்து வச்சிருந்தா நல்லாவா இருக்கும்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை ஒரு வரிகூடப் படிக்காமல், "அருமை மாமா" என்று சொல்லி ஏற்றிவிட்டார். ஆறாவது பிரிவில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. வாடிக்கையாளர் கோரினால் அவருடைய விவரம் எங்கெங்கு இருக்கிறதோ அங்கெல்லாம் இருந்து முப்பது நாளுக்குள் அழிக்கப்படும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண், ஒரே கதவுக்கு மூன்று தாழ்ப்பாளும் ஒரு சங்கிலியும் வாங்கினாள். அடுத்த வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'என் அட்ரஸை அழிச்சிடுங்க. என் புருஷன் தேடிக்கிட்டு இருக்கார். கண்டுபிடிச்சா உயிரோட விட மாட்டார்.'

மாப்பிள்ளை ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். "அழிச்சாச்சு மாமா."

"எல்லா எடத்துலயுமா?"

"அதுக்குன்னு கூரியர்காரர் மண்டைக்குள்ள போயா அழிக்க முடியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

எங்கள் கூரியர்காரர் பெயர் ராக்கெட். ஊரிலேயே மெதுவாக வண்டி ஓட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர். மறுநாள் மத்தியானம் அவரைச் சரக்கு அறைக்குக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மூணு தாழ்ப்பா அம்மாவா? மறக்குமா பெரியவரே. மூணு மாடி ஏற வச்சாங்களே. பச்சைக் கதவு. பாவம், கதவைப் பாதிதான் தொறந்து கையெழுத்துப் போட்டாங்க. ஆனா தண்ணி குடுத்தாங்க."

இவ்வளவு விவரம் ஒரே மண்டையில் இருப்பது ஆபத்து. கிடங்குக் கதவுகளுக்குப் போடும் இரண்டு கிலோ பூட்டு ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவன் இல்லை நான். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் நிறுத்திச் சரிபார்த்தேன். முதல் அடிக்குப் பிறகு, எந்த மாடி என்றேன். மூணாவது என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. இரண்டாவது அடிக்குப் பிறகு மாடி போய்விட்டது, கதவின் நிறம் மட்டும் இருந்தது. "ஏன் பெரியவரே?" என்று கேட்டார். ஆறாவது பிரிவு என்றேன். மூன்றாவது அடியில் நிறமும் தெருவும் சேர்ந்து போயின. நான்காவதில் தன் பெயரையே மறந்துவிட்டார். அதை அழிக்கும்படி யாரும் கோரவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் வருந்துகிறேன்.

தரையைத் துடைத்து முடித்தபோது கொம்பன் வந்தார்.

"ஏன் தம்பி, அந்தப் பொண்ணு வெவரம் கம்ப்யூட்டர்லேருந்து முழுசா போயிருக்குமா?"

"எதுவுமே முழுசாப் போகாது தாத்தா. எங்கயாவது ஒரு காப்பி இருக்கும்."

"எங்க?"

விளையாட்டாகத் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். இப்படிக் காட்டாமல் இருந்திருக்கலாம். சாவி வெட்டும் எந்திரம் சின்னது. மனிதத் தலைக்காகச் செய்தது அல்ல, அதனால் வேலை சாயங்காலம் வரை இழுத்தது. ஹெட்போனில் பாட்டு மட்டும் கடைசி வரை நிற்கவில்லை. நல்ல தயாரிப்பு.

இரண்டு பேரையும் மடித்து, விற்பனைக்கு வைத்திருந்த பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன். ராக்கெட்டின் முழங்கால் மட்டும் மடங்க மறுத்தது. அதற்கும் அந்தப் பூட்டையே பயன்படுத்தினேன். மறுநாள் அந்தப் பெட்டியை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு கை பிடித்த மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது.

"என்ன மாமா இந்தக் கனம் கனக்குது?"

"இரும்பு மாப்ள."

மாப்பிள்ளையையும் முடித்திருக்க வேண்டும்தான். ஆனால் அவருக்கு என் மகளின் பிறந்தநாளே ஞாபகம் இருந்தது இல்லை. வாடிக்கையாளர் முகவரியா தங்கப்போகிறது? என் தலையிலும் அது இருந்தது. சொந்தத் தலையை அடிக்கக் கை வீச இடம் போதவில்லை. மறதியிடம் ஒப்படைத்துவிட்டேன். அதுவும் சீக்கிரமே வேலையை முடித்தது.

இவை அத்தனையையும் இந்த அறையில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் அதிகாரியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். அவருக்கு என் பேத்தி வயது இருக்கும். பொறுமைசாலி. எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைக் காட்டினார்.

"ஐயா, நீங்க சொல்ற கூரியர்காரர் வெளிய பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கார். பக்கத்துலயே உங்க கொம்பன். ரெண்டு பேரும் வாக்குமூலம் குடுத்து முடிச்சாச்சு."

"இருக்கும்மா. பிடிவாதக்காரங்க."

அவர் சிரிக்கவில்லை. ஒரு போட்டோவை என் பக்கம் திருப்பி வைத்தார். பச்சைக் கதவு திறந்து கிடந்தது. மூன்று தாழ்ப்பாளும் பழுதில்லாமல் அப்படியே இருந்தன. உள்ளே தரையில் கிடந்ததை நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.

"பதினேழு வெட்டு ஐயா. கதவை யாரும் உடைக்கல. அவங்க புருஷன் குரலை மாத்தி, பூட்டுக் கடையிலேர்ந்து வர்றேன்னு சொல்லியிருக்கான். பக்கத்து வீட்டுல கேட்டிருக்கு. அந்தம்மா அவங்களாவே ஒவ்வொரு தாழ்ப்பாளா தொறந்திருக்காங்க. நான் உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எந்தக் கடைன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? வீடு எப்படித் தெரிஞ்சுது?"

பதினேழு என்பது கணக்கே இல்லாத வேலை என்று சொன்னேன். நான் செய்தவை சுத்தமானவை, கேட்டுக் கேட்டுச் செய்தவை, ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றுவதற்காகச் செய்தவை. இரண்டு கொலைக்கும் என்ன தண்டனை உண்டோ கொடுங்கள், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கையெழுத்துப் போடப் பேனாவும் கேட்டேன்.

அவர் பேனாவைத் தரவில்லை. நான் எழுதிய கொள்கையை அச்சடித்து வைத்திருந்தார். முழுவதும் படித்த முதல் ஆள் அவர்தான். அதன் கடைசிப் பிரிவையும், அதன்படி நடந்ததையும் இதில் சேர்த்தால்தான் கையெழுத்து வாங்குவேன் என்கிறார்.

சேர்க்கிறேன். குடும்பத்தினர் மூன்றாம் நபர் ஆகமாட்டார்கள், அவர்கள் நேரில் வந்து கேட்டால் விவரம் தரப்படும் என்பது அந்தப் பிரிவு. அவள் செய்தி வந்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, அவள் விட்டுப்போன பழைய போனுக்கு வந்த, முகவரி இல்லாத தாழ்ப்பாள் ரசீதோடும் கல்யாணப் போட்டோவோடும் கடைக்கு வந்து அழுத அவளுடைய கணவனுக்கு, என் நோட்டைப் பார்த்து முகவரியை எழுதிக் கொடுத்தவன் நான்.