கவுத்து வச்ச பாட்டில்

— கதவைத் தட்டாதடா. உன் மாமா தூங்கலை, முழிச்சுட்டுத்தான் இருக்காரு. வர்றதுன்னா அவராவே வருவாரு. நீ முதல்ல உக்காரு.

— எனக்கு ஆறு மணிக்கு பஸ், அக்கா. அதை விட்டா நாளைக்கு ஃப்ளைட்டைப் பிடிக்க முடியாது. வெளிநாட்டுக்குப் போயிட்டா ஒப்பந்தம் முடியாம முதலாளி ஊருக்கு விடமாட்டான். கிளம்புறதுக்கு முன்னாடி மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்.

— மூணு வருஷமா இல்லாத வார்த்தை இன்னைக்கு எங்கிருந்துடா முளைச்சுது?

— குத்தாதக்கா.

— குத்தலை, கேட்டேன். காலையில நீ வர்றேன்னு போன் பண்ணினதும் மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே. தாடியை வழிச்சாரு, துவைச்ச சட்டை எடுத்துப் போட்டாரு. நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என்ன ஆச்சோ, உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. மறுபடியும் அந்தப் பழைய வீம்பு ஏறிடுச்சு போல. சரி, இந்தா பிடி.

— என்னக்கா இது, டம்ளர்ல?

— உன் பங்குதான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஓட்டல் சுவருக்கு பெயிண்ட் அடிச்சு முடிச்சதுக்கு அந்த முதலாளி குடுத்தானே, விஸ்கி.

— அந்த பாட்டிலா? அது இன்னுமா இருக்கு?

— முக்கால்வாசி அப்படியே இருக்கு. மொட்டை மாடியில உக்காந்து திறந்தீங்க, ஆளுக்கு ஒரு வாய் குடிச்சீங்க, அதுக்குள்ள உன் வாய் சும்மா இருக்கலை.

— நான் என்ன இல்லாததையா சொன்னேன்? "மாமா, உங்க கை நடுங்குது, இனிமே சாரத்துல ஏறாதீங்க"ன்னேன். விழுந்து தொலைச்சா யாரு பதில் சொல்றது?

— அத்தனை பெயிண்டர்களும் சுத்தி உக்காந்திருக்கும்போது சொன்னே. கை நடுங்குறது எனக்குத் தெரியாதாக்கும்? வீட்டுல இருந்த கண்ணாடி டம்ளரையெல்லாம் சத்தமில்லாம பரண்ல ஏத்திட்டு எவர்சில்வர் வாங்கினவடா நான். ஒரு நாள் வாயைத் திறந்திருப்பேனா?

— "நான் குடுத்த பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டுப் போடா"ன்னாரு. வச்சுட்டுப் போயிட்டேன்.

— போனவன் மறுநாளே வேற மேஸ்திரிகிட்ட நின்னே. நடுவுல நான் ஒருத்தி, இந்தப் பக்கம் அவருக்குப் பொண்டாட்டி, அந்தப் பக்கம் உனக்கு அக்கா. குடிடா, என்னத்தைப் பார்த்துட்டே இருக்கே. ஆறிப்போறதுக்கு அது காபியா?

— இரு... அக்கா, என்ன இது இப்படி இருக்கு?

— எப்படி?

— சப்புன்னு இருக்கு. விழுங்கினப்புறம் கசக்குது. அன்னைக்கு மூக்குக்கிட்ட கொண்டு போனாலே கருகின வெல்லம் மாதிரி ஒரு வாசனை, புதுசா அறுத்த பலகை மாதிரி ஒரு வாசனை. இப்போ ஈரச் சாக்கு நாத்தம்தான் வருது.

— குடிக்கிற சரக்கு கூடவா கெட்டுப்போகும்?

— போன வருஷம் ஒரு பாருக்கு பெயிண்ட் அடிச்சேன். அங்க ஊத்திக் குடுக்கிறவன் சொன்னான். திறந்த புதுசுல முரடா இருக்குமாம். கொஞ்ச நாள் காத்துப் பட்டா காட்டம் அடங்கி, உள்ள இருக்கிற வாசமெல்லாம் மேல வருமாம். அப்பதான் அதோட நிஜமான ருசியாம். அதையும் தாண்டி விட்டு வச்சா ஒவ்வொரு வாசமா கழண்டுக்குமாம். கடைசியில நிறம் மட்டும்தான் மிச்சமாம்.

— அப்போ கொஞ்ச நாள்லயே நீ வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

— வந்திருக்கணும்தான்.

— அதைத்தான் அப்பவே ஆள் மேல ஆள் விட்டுச் சொன்னேன். "அவரு முதல்ல வரட்டும்"னு சொல்லி அனுப்பினே.

— விடுக்கா. ஆனா காத்து மட்டும் இவ்வளவு கெடுக்காது. கசப்பு எங்கிருந்து வந்துச்சு? பாரு, பொடிப்பொடியா வேற மிதக்குது. யாராவது எடுத்துக் குடிச்சுட்டு எதையாவது ஊத்தி வச்சிருக்காங்களா?

— நாக்கை அடக்குடா. அன்னையிலிருந்து உன் மாமா ஒரு சொட்டு தொட்டதில்லை. "இது அவன் பங்கு"ன்னு சொல்லி அலமாரி மேல் தட்டுல கவுத்து வச்சவரு, யாரையும் கிட்ட விட்டதில்லை.

— கவுத்தா வச்சாரு?

— நீங்க மிச்ச பெயிண்ட்டை எப்படி வைப்பீங்க? டப்பாவைக் கவுத்துத்தானே? அப்படித்தான். "கவுத்து வச்சா உள்ள காத்து போகாது, ஆடை புடிக்காது, அவன் எப்ப வந்து திறந்தாலும் புதுசா இருக்கும்"னாரு. காலி டப்பா ஒன்னுல மணலைக் கொட்டி, அதுல பாட்டிலைத் தலைகீழா நட்டு வச்சாரு. தூசி தட்டுறேன்னு நான் கை வச்சாக்கூடக் கத்துவாரு.

— ஐயோ, மாமா. அக்கா, பெயிண்ட் டப்பாவுக்குத் தகர மூடி. இதுக்குத் தக்கை. மூணு வருஷம் சரக்குலயே ஊறினா தக்கை கரைஞ்சு உள்ள இறங்காதா? இந்தப் பொடி அதுதான். சும்மா நிமித்தி வச்சிருந்தாக்கூட கொஞ்சம் தேறியிருக்கும்.

— நான் என்னத்தைக் கண்டேன். இன்னைக்கு எடுக்கப் போனப்போ நிமிந்துதான் நின்னுச்சு. நீ வர்றேன்னு துடைச்சு எடுத்து வச்சிருக்காருன்னு நினைச்சு ஊத்திட்டு வந்தேன்.

— இங்க பாருக்கா, இது கெட்டுப்போச்சுன்னு அவருக்குத் தெரியவே கூடாது. மிச்சத்தை நான் போனப்புறம் கீழ ஊத்திடு. நான் குடிச்சுட்டேன்னு சொல்லு.

— டேய், ஒட்டடை!

— அக்கா, மாமா குரல்.

— ஆமாடா, அவரு உனக்கு வச்ச பேருதானே. வேற யாரு கூப்பிடுவா? எந்திரி, கதவுக்கிட்ட போ.

— மாமா, நான்தான். இங்கதான் நிக்கிறேன்.

— குடிச்சியா?

— குடிச்சேன் மாமா.

— எப்படி இருக்கு?

— அன்னைக்கு மொட்டை மாடியில குடிச்ச மாதிரியே இருக்கு. அந்த வெல்ல வாசம்கூடப் போகலை. வெளிய வாங்க மாமா, உங்களுக்கும் ஊத்துறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— பொய் சொல்லாதடா. காலையில எடுத்துத் துடைச்சு, உள்ளங்கையில ஒரு சொட்டு ஊத்தி நாக்குல வச்சுப் பார்த்துட்டேன். உன் மேல கோவமாவா உள்ள உக்காந்திருக்கேன்? உனக்குன்னு வச்சிருந்தது அது ஒன்னுதான். அதையும் நானே கெடுத்துட்டு எந்த மூஞ்சியோட வெளிய வருவேன், மாப்ள?